இருபத்திரண்டு நிமிடம்

தோல் பட்டறைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற ஆளைப் பற்றி அதற்குமேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று சுனில்டா நினைத்தாள். சட்டை மட்டும் இல்லை. கழுத்தில் ஒரு பென் டிரைவை நாடாவில் கோத்துத் தொங்கவிட்டிருந்தான், கோவில் பதக்கம் மாதிரி.

"நம்ம மாப்பிள்ளை டெர்லிஸ்" என்றார் பட்டறைக்காரர் டான் சிரிலோ. "தலைநகரம் அசுன்சியோன்ல லேசருக்குன்னே பதினஞ்சு நாள் கோர்ஸ் படிச்சிட்டு வந்திருக்காரு. சர்டிபிகேட் இருக்கு."

"பதினஞ்சு நாளா?" தையல் மேசையிலிருந்து, ஊசியை நிறுத்தாமலே கேட்டாள் ஒப்துலியா. "என் கோழி முட்டை பொரிக்கவே இருபத்தொரு நாள் எடுக்குது டான் சிரிலோ."

பெண்கள் சிரித்தார்கள். டெர்லிஸும் சிரித்தான். அதுவே சுனில்டாவுக்கு எரிச்சலாக இருந்தது. தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று தெரியாமல் சிரிக்கிறவனை என்ன செய்வது?

அத்திரா ஊரில் இரண்டு தெருவுக்கு ஒரு தோல் பட்டறை. தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைப் பானத்துக்கான தண்ணீரைத் தெர்மோஸில்தான் எடுத்துப் போவார்கள். அந்தத் தெர்மோஸுக்குத் தோல்சட்டை தைப்பதுதான் இவர்கள் வேலை. தைப்பதற்கு முன்பு, தோல் தட்டையாக இருக்கும்போதே, அதில் பெயரும் சின்னமும் லேசரில் சுட வேண்டும். ஆறு வருடமாக அந்த மெஷின் சுனில்டாவின் கையில் இருந்தது.

திங்கட்கிழமை பால் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து நூறு தோலுக்கு ஆர்டர் வந்தது. படம் சங்கம் வழக்கமாகக் கொடுக்கிறதுதான்: நடுவில் சங்கத்தின் பசுமாடு, பக்கவாட்டில் உறுப்பினர் பெயர், ஓரத்தைச் சுற்றி ஒரு கோட்டுச் சட்டம். வெள்ளி மாலைக்குள் சுட்டு முடித்தால்தான் தைக்கிறவர்களால் ஞாயிற்றுக்கிழமை ஆண்டுவிழாவுக்குக் கொடுக்க முடியும். ஒரு தோலுக்கு இருபத்திரண்டு நிமிடம். டான் சிரிலோ சுவரில் சாக்கட்டியால் கணக்குப் போட்டார். முப்பத்தேழு மணி நேரம். லேசர் குழாய் சூடாறுகிற நேரம் தனி.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாதுன்னா சொல்லிடு சுனில்டா. அசுன்சியோனுக்கு அனுப்பிடறேன், அங்க பெரிய மெஷின் இருக்கு. அதுக்கப்புறம் இந்தப் பொட்டியை வச்சு நான் என்ன முட்டையா பொரிக்கப் போறேன்? வித்துட வேண்டியதுதான். நீ பழையபடி தையலுக்கு வந்துடு."

சாதாரணமாகத்தான் சொன்னார். பதினொரு வருடம் அந்தத் தையல் மேசையில் உட்கார்ந்தவள் அவள். இரண்டு கையிலும் இரண்டு ஊசி, முழங்கால்களுக்கு நடுவே தோலைப் பிடிக்கிற மரக்கிடுக்கி, மெழுகு நூல் அறுத்த விரல்கள். இடது கட்டைவிரல் இன்னும் முழுதாக மடங்காது.

ஆனால் அவள் பயந்தது விரலுக்காக மட்டும் இல்லை. மெஷின் மூடியைச் சாத்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தால் இருபத்திரண்டு நிமிடம் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். லேசர் ஓடும்போது ஆள் நகரக் கூடாது, தோல் தீப்பிடிக்கும். அது பட்டறை விதி. கண் மெஷின்மேல், மனம் எங்கே வேண்டுமானாலும். வீட்டில் அவளுக்கு அப்படி ஒரு இருபத்திரண்டு நிமிடம் ஒரு நாளும் கிடைத்ததில்லை. புருஷன் இருந்த காலத்திலும் சரி, அவன் போன பிறகும் சரி.

அந்த நேரம் எங்கே வீணாகிறது என்பது அவளுக்கு இரண்டு வருடமாகத் தெரியும்.

ஓரத்தைச் சுற்றிய கோட்டுச் சட்டம்தான் காரணம். லேசர் தலை உழுகிற மாடு மாதிரி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வரி வரியாகப் போய் வரும். சட்டத்தையும் மாட்டையும் பெயரையும் ஒரே படமாகக் கொடுத்திருப்பதால், ஒவ்வொரு வரியிலும் இடது ஓரத்தில் ஒரு புள்ளி சுட்டுவிட்டு, வெறும் தோலைக் கடந்து, வலது ஓரத்தில் இன்னொரு புள்ளி சுடும். நடுவில் நடப்பதெல்லாம் வெட்டி நடை. சட்டத்தைத் தனியாகப் பிரித்து, பேனாவால் கோடு இழுப்பதுபோல் ஒரே சுற்றில் இழுக்கச் சொன்னால் அரை நிமிடம். தோலைத் திருப்பி வைத்து, பெயர் லேசர் தலை ஓடுகிற திசையிலேயே படுத்திருக்கும்படி செய்தால் இன்னும் மிச்சம். ஒருநாள் எல்லோரும் போன பிறகு செய்து பார்த்தாள். எட்டு நிமிடம்தான் ஆனது. திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் பழைய படத்தையே ஓட்டினாள்.

எட்டு நிமிடம் என்று தெரிந்தால் மிச்ச நேரத்துக்கு டான் சிரிலோ என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த மரக்கிடுக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து முக்காலிக்குப் பக்கத்தில் வைப்பார்.

திங்கள் இரவு படுத்துக்கொண்டே முடிவு செய்தாள்: ஏதோ நோண்டிப் பார்த்ததுபோல் பாவனை செய்து, பன்னிரண்டு நிமிடம் என்று சொல்லிவிடலாம். ஆர்டரும் முடியும், மெஷினும் தங்கும். செவ்வாய்க் காலை வந்தால் அவளுடைய முக்காலியில் வெள்ளைச் சட்டை உட்கார்ந்திருந்தது.

"வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா நேரம் பாதி ஆயிடும் ஞா சுனில்டா" என்றான் டெர்லிஸ், மரியாதைக்கு ஞா சேர்த்து. "சாதாரணக் கணக்கு."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் இன்ஜினியர்."

அவன் இன்ஜினியர் இல்லை. அவளும் அதற்காகத்தான் அப்படிக் கூப்பிட்டாள். அவன் தலையாட்டி ஏற்றுக்கொண்டான். அந்த நொடியிலேயே அவள் தீர்மானித்தாள்: மதியம்வரை இவன் ஆடட்டும்.

வேகம் கூட்டிய மெஷின் மேசையோடு சேர்ந்து குலுங்கியது. ஒவ்வொரு ஓரத்திலும் தலை நின்று திரும்பத்தானே வேண்டும். பாதி வேகம் அந்தத் திருப்பத்திலேயே செத்தது. பதினேழு நிமிடம் ஆயிற்று. போகும்போது சுட்ட வரியும் வரும்போது சுட்ட வரியும் பொருந்தவில்லை. குடிகாரன் கண்ணுக்குத் தெரிவதுபோல் மாட்டுக்கு இரண்டு இரண்டு விளிம்பு.

"ரெட்டை மாடு" என்று தோலை வாங்கிப் பார்த்த ஒப்துலியா சொன்னாள். "சங்கத்துக்காரங்க சந்தோஷப்படுவாங்க. ரெண்டு பங்கு பால்."

"மேசை ஆடுது, அதான்" என்றான் டெர்லிஸ்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று நினைத்துக்கொண்டாள் சுனில்டா. அவன் மேசைக் காலுக்கு அடியில் அட்டை செருகினான். வெள்ளைச் சட்டை முழங்கையில் கறுத்தது. சாயங்காலத்துக்குள் ஆறு தோல் குப்பைக்குப் போயிற்று. ஒவ்வொன்றும் போகும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று கொழுத்தது. தொழுவத்தில் ரகசியமாக வளர்க்கிற கன்றுக்குட்டி மாதிரி, இளக்காரம். அதற்குத் தீனி போடுவது அவளுக்குப் பிடித்திருந்தது. நல்ல சாப்பாடு சாப்பிட்டவள்போல் வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில்தான், மதியத்தோடு நிறுத்த நினைத்தோமே என்று ஞாபகம் வந்தது.

புதன்கிழமை பட்டறையின் தகரக் கூரைக்கடியில் வெயில் நாற்பதைத் தொட்டது. காலை தெரெரே நேரம் வந்தது. டெர்லிஸ் தானே ஒரே கொம்புக் குவளையை நிரப்பி நிரப்பி ஒவ்வொருவருக்கும் நீட்டினான். சுனில்டா ஒரு குவளை குடித்துவிட்டு "நன்றி" என்று திருப்பிக் கொடுத்தாள். அப்படிச் சொன்னால் அடுத்த சுற்றில் குவளை அவளிடம் வராது. ஒரு குவளையோடு யாரும் நன்றி சொல்வதில்லை. ஒப்துலியாவின் புருவம் உயர்ந்தது. டெர்லிஸ் அடுத்தவளுக்கு ஊற்றினான்.

பிறகு மெஷினின் சக்தியைக் கூட்டி வைத்தான். வேகத்துக்கு ஈடுகொடுக்க ஆழமாகச் சுட வேண்டுமாம். லேசர் குழாயைக் குளிர்விக்கிற தண்ணீர் ஒரு வாளியில் இருக்கும். வாளியின் அடியில் கைப்பிடி அளவு பம்ப். அது தண்ணீரைக் குழாய்க்குத் தள்ளும், சுற்றி வந்த தண்ணீர் இன்னொரு ரப்பர் குழாய் வழியாக வாளியிலேயே விழும். வாளியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த வெப்பமானியைத் தூக்கிப் பார்த்து டெர்லிஸ் உதட்டைக் கடித்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். மேசையில் தெரெரே ஜாடி இருந்தது, பாதிக்குமேல் ஐஸ்.

அப்படியே தூக்கி வாளியில் கவிழ்த்தான்.

அந்த ஜாடியில் இருந்தது வெறும் தண்ணீர் இல்லை. ஒப்துலியா காலையில் வயிற்றுக்கு நல்லதென்று உரலில் இடித்துப் போட்ட புதினாவும் வேர்களும் அதில் இருந்தன. பச்சைத் துணுக்குகள் வாளியில் சுழன்று, பம்ப் இருக்கிற பக்கம் மெதுவாக நகர்ந்தன. சுனில்டா பார்த்துக்கொண்டிருந்தாள். டெர்லிஸ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரப்பர் குழாயிலிருந்து விழுகிற தண்ணீர் விரல் தடிமன் இருந்தது. பிறகு பென்சில் தடிமன். தண்ணீர் நின்றால் கண்ணாடிக் குழாய் வெடிக்கும். வெடித்தால் எல்லாம் முடிந்தது. வெள்ளைச் சட்டைக்காரன் அசடு வழிகிற முகத்தோடு மாமனார் முன்னால் நிற்பான். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. எவ்வளவு என்றால், தண்ணீர் நூல் தடிமனுக்கு வருகிறவரைக்கும் பேசாமல் நின்றாள். தன் மூக்கை அறுத்து எதிராளிக்குச் சகுனத்தடை செய்கிறவள் என்று மற்றவர்களைச் சொல்லியிருக்கிறாள். இப்போது கத்தி தன் கையில் இருப்பது தெரிந்தது. இது என்ன மாதிரியான பொம்பளை என்று தனக்குள்ளேயே யாரோ கேட்டதுபோல் இருந்தது. குரலில் அவள் டெர்லிஸிடம் காட்டிய அதே இளக்காரம்.

சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள்.

"ஏன் நிறுத்தினீங்க?"

அவள் வாளிக்குள் கைவிட்டு பம்பை எடுத்தாள். அதன் வாயை அடைத்திருந்த பச்சைச் சக்கையைப் பிடுங்கி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். புதினா மணந்தது.

"இது மனுஷங்க குடிக்கறதுக்கு. மெஷினுக்கு வயித்துவலி வராது இன்ஜினியர்."

தையல் மேசை வெடித்துச் சிரித்தது. "தண்ணிதானேன்னு நெனச்சேன்" என்றான் டெர்லிஸ். காது நுனிவரை சிவந்திருந்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நகருங்க."

வாளியைக் கழுவி நல்ல தண்ணீர் ஊற்றினாள். குளிர்பெட்டியிலிருந்து உறைந்த தண்ணீர் பாட்டில் இரண்டை மூடியோடு உள்ளே போட்டாள். முக்காலியில் உட்கார்ந்து பழைய படம் ஒன்றைத் தேடித் திறந்தாள். அதில் சட்டம் சிவப்பு நிறத்தில் தனியாக இருந்தது, மாடும் பெயரும் கறுப்பில். சிவப்புக்குக் கோடு, கறுப்புக்கு வரி. வேகத்தையும் சக்தியையும் பழைய இடத்துக்கு இறக்கினாள். தோலைக் கால் சுற்று திருப்பி வைத்தாள். மூடினாள்.

லேசர் தலை மாட்டின் அகலத்துக்கு மட்டும் போய் வந்தது. சத்தமே இல்லை. கடைசியில் சட்டத்தை ஒரு சுற்றில் இழுத்து முடித்தது. டெர்லிஸ் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டு நிமிஷம்" என்றான் மெதுவாக. பிறகு தனக்குத்தானே பேசுகிறவன்போல, "இவ்வளவு நாளும் வெறும் தோல்மேல நடந்துட்டிருந்துச்சு... இதை எனக்குக் கோர்ஸ்ல சொல்லல. எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"இப்பத்தான்."

அவன் கண் திரைக்குப் போயிற்று. அவளும் பார்த்தாள். படத்தின் பெயருக்குப் பக்கத்தில் அதைச் சேமித்த தேதி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தின தேதி. அவன் அதைப் படித்தான். முக்காலியைப் பார்த்தான். பிறகு தையல் மேசையை, அதன் ஓரத்தில் ஆளில்லாமல் நின்ற மரக்கிடுக்கியை. கடைசியாக அவளுடைய இடது கட்டைவிரலை. ஒவ்வொன்றாக அவன் கூட்டிக்கொள்வது அவளுக்குத் தெரிந்தது. முட்டாள் என்று முத்திரை குத்தி வைத்திருந்த ஒருவன் தன் கண் முன்னாலேயே யோசிப்பதைப் பார்த்து, அந்தக் கையை மடிக்குள் மறைத்தாள்.

அந்த நேரம் டான் சிரிலோ உள்ளே வந்தார். தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒற்றை மாடு, கூர்மையான விளிம்பு.

"அடடே! எத்தனை நிமிஷம்?"

சுனில்டா வாய் திறப்பதற்குள் டெர்லிஸ் சொன்னான். "பன்னெண்டு."

"பன்னெண்டா? இன்னும் கொஞ்சம் குறைக்கலாமே?"

"முடியாது மாமா. அதுக்குமேல போனா குழாய் தாங்காது. வெள்ளிக்கிழமைக்கு இதுவே போதும்."

டான் சிரிலோ சுவரில் சாக்கட்டியால் கணக்குப் போட்டார். இருபது மணி நேரம். மாப்பிள்ளையின் கறுத்த சட்டை முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "பார்த்தியா சுனில்டா? படிப்புன்னா சும்மாவா! அசுன்சியோனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நம்ம பொட்டி நம்மகிட்டயே இருக்கும்."

"கோழிகூட நாள் பார்த்துத்தான் பொரிக்குது" என்றாள் ஒப்துலியா, யாருக்கென்று இல்லாமல்.

மாமனாரும் மருமகனும் வெளியே போனார்கள். கிழவர் பாராட்டுவதையும் இவன் தலைகுனிந்து வாங்கிக்கொள்வதையும் சுனில்டா பார்த்தாள். வெட்கம் கெட்டவன் என்று நினைத்துப் பார்த்தாள். நினைப்பு ஒட்டவில்லை. ஒரு தோலுக்கு நான்கு நிமிடம் அவன் அவளுக்குக் கொடுத்திருந்தான். அவள் திருடத் திட்டமிட்ட அதே நான்கு நிமிடம். கேட்காமல், பேரம் பேசாமல், தர்மம் போடுகிறவன் மாதிரி. அவன் முட்டாளாகவே இருந்திருக்கலாம். அப்போது அவளுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

அடுத்த தோலை வைத்து மூடினாள். எட்டு நிமிடத்தில் தலை நின்றது. மூடியைத் திறக்காமல், ஓடுகிற மெஷினைப் பார்ப்பதுபோல் நின்ற மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதிய தெரெரேவுக்கு டெர்லிஸ் புது ஜாடி கலந்துகொண்டு வந்தான். குவளை ஒப்துலியாவுக்குப் போயிற்று, அடுத்தவளுக்குப் போயிற்று. முக்காலிக்கு முன்னால் வந்து அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு நீட்டினான்.

சுனில்டா வாங்கிக் குடித்தாள். ஐஸ் பல்லில் கூசியது. புதினா மணம் இன்னும் அவள் விரலிலும் இருந்தது. குவளையை அவன் முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தாள். நன்றி சொல்லவில்லை.

டெர்லிஸ் மறுபடி நிரப்பினான்.