மாஸ்டருக்கு ஆறு வாரம் ரெஸ்ட்

“மாவைக் கையால தொடவே இல்ல மேடம், இவ சொல்றத நம்பாதீங்க…”

“மாவைத் தொடலன்னா ஆச்சா? நேத்து சாயங்காலம் ஒக்காந்து கொத்துனது யாரு, எங்க நைனாவா?”

“கொத்து வேற, வீச்சு வேற. ஒனக்கு இன்னா தெரியும்?”

“எனக்கு இன்னா தெரியும்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்டுகினு கீற. தெரிஞ்சா சொல்றேன், இப்ப கைய நீட்டு.”

இருவரில் ஒருவராவது மூச்சு வாங்கட்டும் என்று ஷைலா காத்திருந்தாள். குமணன்சாவடியில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் பிசியோதெரபி கிளினிக்கில் அவள்தான் எல்லாம். கட்டிலில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் தங்கராஜ். பரோட்டா மாஸ்டர். மாங்காடு போகிற சாலையில் ஒன்பது வருஷமாகச் சொந்தக் கடை. அவனுடைய வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு வலி வந்து, டீ கிளாஸைத் தூக்கினாலே உயிர் போயிற்று. எலும்பு டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு ‘டென்னிஸ் எல்போ’ என்று எழுதி, ஷாக்வேவ் வைத்துக்கொள்ளச் சொல்லி இங்கே அனுப்பியிருந்தார்.

“டென்னிஸ் ஆடறவன் எவனுக்காவது பரோட்டா எல்போ வந்துகீதா சார்?” என்று தங்கராஜ் அவரிடம் கேட்டிருந்தான். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

போன வாரம் முதல் முறை ஷாக்வேவ் வைத்தபோது ஷைலா தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். “ஆறு வாரம் பரோட்டா வீசக் கூடாது அண்ணா.” அவனும் சொல்லுக்குச் சொல் கேட்டான். ஒரு பரோட்டா வீசவில்லை. கல்லின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரண்டு தகடுகளையும் கையில் பிடித்து, சாயங்காலம் முழுக்கக் கொத்து பரோட்டா கொத்தினான். அவன் கணக்கில் வீச்சுதான் தொழில். கொத்து என்பது, தொழில் முடிந்து கையைக் காலை நீட்டி உட்காருகிற மாதிரி.

“மணிக்கட்டைத் தூக்கி இறக்குற எந்த வேலையும் கூடாதுண்ணா,” என்றாள் ஷைலா இப்போது. “கொத்து கூடாது. துணி பிழியக் கூடாது.”

“துணியா?” என்றாள் அவன் மனைவி மங்களம். “அந்த பயம் ஒனக்கு வேணாம்மா. அது அவரு கைக்குத் தெரியாத வேலை.”

ஷைலா முழங்கையில் ஜெல்லைத் தடவி, மெஷினின் கைப்பிடியை வைத்து அழுத்தினாள். டக் டக் டக் என்று ஆரம்பித்தது. முதல் வாரம் ‘ஷாக்’ என்ற சொல்லுக்குப் பயந்து, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக்கூட மங்களத்திடம் கொடுத்துவிட்டுத்தான் படுத்திருந்தான். கரண்ட் இல்லை, வெறும் அழுத்த அலை, ரெண்டாயிரம் தட்டு என்று தெரிந்த பிறகு அவனுக்கு வேறு குறை வந்துவிட்டது.

“தாளம் இல்ல மேடம். ஒரே மாதிரி அடிக்குது. நடுவுல ஒரு எடுப்பு வேணும்.”

“வலி பத்துக்கு எவ்வளவு?”

“எட்டு.” பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாலும் இடது கை விரல்கள் கட்டில் விளிம்பில் எடுப்போடு தட்டிக்கொண்டிருந்தன.

“வலி மாத்திரை போடாதீங்க, ஐஸும் வைக்காதீங்க. அடுத்த வியாழக்கிழமை வாங்க.”

மாத்திரையை விட்டான். கொத்தையும் விட்டான். ஏனென்றால் அவனுக்கு அந்தக் கல் வேண்டும். அவன் வீசுவதை போனில் படம் பிடிக்கவே பூந்தமல்லியிலிருந்து பையன்கள் வருவார்கள். மாவு தலைக்கு மேலே போய், பல்லாவரம் வரை பார்த்துவிட்டுத் திரும்பி வரும் என்பது அவனே சொல்லிக்கொள்வது. ஆறு வாரம் கடையை மூடலாம் என்றான். மங்களம் ஒப்பவில்லை. வேறு மாஸ்டர் வைக்கலாம் என்றாள். வந்த இரண்டு பேரையும், ஒருவனை நின்ற விதத்துக்கும் மற்றவனை எண்ணெய் ஊற்றிய விதத்துக்கும் சண்டை போட்டு அவனே துரத்தினான். மூன்றாம் நாள் மங்களம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லின் முன்னால் நின்றாள். ஒன்பது வருஷமாக மாவு பிசைந்து உருண்டை பிடித்தவள் அவள்தானே.

முதல் நாள் மூன்றைக் கிழித்தாள். நாலாம் நாள் ஒன்றும் கிழியவில்லை.

தங்கராஜ் இடது கையால் சால்னாவைக் கவரில் ஊற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான். “காத்து புடிக்கல. இன்னும் மேல தூக்கு.”

“திங்கறவன் மேல பாத்துகினு திங்கறதில்லய்யா. எலையப் பாத்துதான் திங்கறான்.”

கூட்டம் குறையவில்லை. போகப் போக பெஞ்சில் இடம் போதவில்லை. அதற்கும் அவன் காரணம் வைத்திருந்தான். “மாஸ்டர் கை போச்சேன்னு பாவம் பாத்து வரானுங்க.”

பரிவுள்ளவர்கள் இரண்டாவது பிளேட்டும் வாங்கினார்கள்.

வியாழக்கிழமைதோறும் மங்களம் நாலு பரோட்டாவை இலையில் கட்டிப் பையில் வைத்தாள், மேடத்துக்கு என்று. அதை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனவன் தங்கராஜ்தான். ஷைலா சொல்லிக் கொடுத்த பயிற்சியை, தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வேளை தவறாமல் செய்தான். எட்டு ஐந்தாயிற்று, ஐந்து இரண்டாயிற்று. அவன் கை ஆற ஆற, கல்லில் மங்களத்தின் கை தேறிக்கொண்டே வந்தது.

ஐந்தாவது தடவையும் முடிந்து, ஆறாவது வாரம் ஷைலா கிளினிக் நாற்காலியைக் காட்டி, உள்ளங்கை கீழே இருக்கும்படி பிடித்துத் தூக்கச் சொன்னாள். தூக்கினான். போதும் என்ற பிறகும் இறக்கவில்லை.

“சூப்பர்ண்ணா. பத்து பரோட்டால ஆரம்பிங்க. மெதுவா ஏத்துங்க.”

“மொதல் பரோட்டா ஒங்களுக்குத்தான் மேடம். ஞாயித்துக்கெழம கடைக்கு வரணும்.”

ஞாயிறு சாயங்காலம், கல்லை எப்படிக் கேட்டு வாங்குவது என்று அவன் நாலைந்து வசனம் யோசித்து வைத்திருந்தான். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. மங்களம் கல்லைத் துடைத்து எண்ணெய் தடவிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

“அம்மன் கோயிலுக்குப் போய்ட்டு ஏழு மணிக்கு வந்துர்றேன். ஒன் கல்லு, ஒன் கரண்டி. பாத்துக்கோ.”

சண்டையே போடாமல் கொடுத்துவிட்டுப் போனது அவனுக்கு என்னவோ மாதிரி இருந்தது.

ஆறேகாலுக்கு ஷைலா ஸ்கூட்டரை நிறுத்தினாள். தங்கராஜ் தலையில் துண்டைக் கட்டினான். உருண்டையைத் தட்டி, விரித்து, வீசினான். மாவு தலைக்கு மேலே போயிற்று, விரிந்தது, கிழியாமல் கைக்கே திரும்பி வந்தது. முழங்கை ஒன்றும் பேசவில்லை. பெஞ்சிலிருந்த ஒருவன் போனை எடுத்தான்.

“வலி?” என்றாள் ஷைலா.

“ஜீரோ மேடம்.”

“அப்ப என் வேலை முடிஞ்சுது. நிஜமாவே சந்தோஷம்ண்ணா.”

அடித்து உதிர்த்த பரோட்டாவை இலையில் வைத்து, சால்னாவைத் தானே ஊற்றி, அவள் முன்னால் நீட்டினான். அவள் கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா இல்லையாண்ணா?”

“கோயிலுக்குப் போய்கீது. ஏழு மணிக்கு வரும்.”

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அப்ப அத யாராவது பசியா இருக்கறவங்களுக்குக் குடுத்துடுங்கண்ணா, நான் அக்கா வர்ற வரைக்கும் இருக்கேன்.”