உருண்டையாய்ப் போன தூள்

சூலூரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே திருமலைசாமியின் பவுண்டரி இருந்தது. பம்புசெட்டுகளுக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் வெண்கல இம்பெல்லர் வார்த்துக் கொடுப்பது தொழில். 1993-ஆம் வருஷம் அதன் பின்கொட்டகையில், கூரைத் தகரத்தைப் பிரித்துக்கொண்டு ஓர் இரும்புக் கோபுரம் எழும்பியது. அக்கம்பக்கத்துத் தறிக்காரர்கள் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறார்கள் என்றே நினைத்தார்கள்.

கட்டியவள் திருமலைசாமியின் தங்கை ராமாமணி. கோவையில் இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் உலோகவியல் படித்து, அங்கேயே ஆராய்ச்சி மாணவியாகவும் சேர்ந்திருந்தாள். வயது முப்பதைத் தொட்டிருந்தது. மாப்பிள்ளைப் பேச்சு வரும்போதெல்லாம், "தூள் விழட்டும், பாக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவாள்.

அவள் சொன்ன தூள், வெண்கலத்தூள். உலோகத்தை அரைத்துப் பொடியாக்குகிற சங்கதி அல்ல அது. உருக்கிய வெண்கலத்தை ஒரு சிறு துளை வழியாக நூல் மாதிரி ஒழுகவிட்டு, நாலா பக்கமும் இருந்து நைட்ரஜன் வாயுவை வேகமாகப் பீய்ச்ச வேண்டும். அந்த வேகத்தில் உலோக நூல் சிதறித் துளித்துளியாகும். துளிகள் கோபுரத்துக்குள் விழுந்துகொண்டே இறுகி, அடியில் தூளாகச் சேரும். அந்தத் தூளை அச்சில் போட்டு அழுத்தி, உருகாத அளவுக்குச் சூடேற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுநடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் மிஞ்சும். அவற்றில் எண்ணெயை ஊறவைத்துவிட்டால், பிறகு எண்ணெயே விடத் தேவையில்லாத புஷ், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் வளையம், கிடைக்கும்.

அப்படியொரு புஷ்ஷுக்காகத்தான் கிருபாசங்கர் காத்திருந்தார். பக்கத்து நூற்பாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். திருமலைசாமிக்குப் பழக்கமானவர்.

"மெசினுக்கு எண்ணெய் விட்டு விட்டு நூலெல்லாம் கறையாப் போகுதுங்க. உங்க தங்கச்சி செஞ்சு குடுத்தாங்கன்னா மொத மெசின்லயே மாட்டிப் பாத்தர்றேன்" என்றார்.

"குடுத்துருவோமுங்க" என்று தங்கைக்கு முந்திக்கொண்டு அண்ணன் வாக்குக் கொடுத்தான்.

அந்த வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ். அண்ணன் தங்கைக்குள் எது வாயில் வருகிறதோ அதுதான். ஆனால் கோபுரத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் திருமலைசாமிக்கு இரண்டு மொழியும் போதாது. தான் படிக்காத படிப்பு, தன் கொட்டகையில் நடக்கிறது என்பதில் அவனுக்கு அத்தனை பெருமை.

முதல் வார்ப்பு நாளன்று, வெண்கலம் உருக்கிய மூசையைச் சாய்த்து ஊற்றியவனும் அவன்தான். ராமாமணி வாயுவைத் திறந்தாள். ஒரு நொடி, கீழே வெளிச்ச நூல் இறங்கியது. அடுத்த நொடி, கீழே போக வேண்டிய உலோகம் மேலே கொப்பளித்தது. கோபுர உச்சியில் இருந்த ஊற்றுக்கலத்திலிருந்து தீத்துளிகள் தெறித்தன. திருமலைசாமி தங்கையைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றான். அவளுக்கு ஒரு பொட்டுக்கூட விழவில்லை. அவனுக்கு இடது முன்கையிலும் காலிலும் தோல் கழன்றுபோனது.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ரங்கம்மா அழவில்லை. "வதினா..." என்று தெலுங்கில் அண்ணியைக் கூப்பிட்டபடி ராமாமணி கிட்டப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தோடு சரி. அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இருந்தும் ராமாமணிக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

கொட்டகையைப் பூட்டிவிட நினைத்தாள் ராமாமணி. ஆனால் ஏன் மேலே கொப்பளித்தது என்ற கேள்வி மட்டும் அவளை விடவில்லை. அண்ணன் உடம்பில் பட்ட தீக்குக் காரணம் தெரியாமல் பூட்டிவிட்டுப் போவது, அவளுக்கு இன்னொரு குற்றமாகப் பட்டது. உலையைப் பற்றவைக்காமல், உலோகத்துக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றி வாயுவைத் திறந்து பார்த்தாள். தண்ணீரிலும் அதே கதை. துளை வழியாகக் குமிழிகள் மேலே ஏறி வந்தன. பீய்ச்சிய வாயு துளைக்கு அடியில் முட்டிக்கொண்டு மேல்நோக்கித் தள்ளியது. துளைக்குக் கீழே இருந்த குழாய்முனை குட்டையாக இருந்ததுதான் கோளாறு. முனையைக் கொஞ்சம் நீட்டிவைத்தாள். தண்ணீர் தயங்காமல் இறங்கியது. இன்னும் ஒரு நூலளவு நீட்டினாள். இப்போது வாயுவே தண்ணீரைக் கீழ்நோக்கி உறிஞ்சி இழுத்தது. ராமாமணி அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்து, யாருமில்லாத கொட்டகையில் வாய்விட்டு அழுதாள். இவ்வளவுதானா, இந்த நீட்டு ஒரு வாரம் முன்னால் தெரிந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

புண் ஆறி திருமலைசாமி பட்டறைக்குத் திரும்பினான். திரும்பினானே தவிர, உலைப்பக்கம் போகவில்லை. பதினைந்து வயதிலிருந்து உலையோடு வளர்ந்தவன், உருகிய உலோகத்தின் வெளிச்சம் சுவரில் அடித்தாலே எழுந்து ஆபீஸ் அறைக்குள் போய்விடுவான்.

"நீ செய்யி அம்மணி. பொங்கியண்ணன் ஊத்துவாரு. எனக்கு பில்லு வேலை கெடக்குது" என்றான்.

பொங்கியண்ணன் பட்டறையின் உலைக்காரர். அவர் ஊற்ற, ராமாமணி வாயுவைத் திறக்க, இரண்டாவது வார்ப்பு ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது. கோபுரத்தின் அடித்தட்டைத் திறந்தபோது தூள் தண்ணீர் மாதிரி வழிந்து விழுந்தது. கையில் அள்ளினால் விரலிடுக்கில் நிற்காமல் ஓடியது.

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த தோழி சபுரா, அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

"மணி, ஒண்ணுகூட கோணல் இல்லடி. அத்தனையும் உருண்டை! இத்தனை அழகா எப்படிடி பண்ணுன?"

ராமாமணிக்கும் பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. விழுகிற துளி இறுகுவதற்கு முன்னால் தன்னைத்தானே உருட்டிக்கொள்கிறது என்று பாடத்தில் படித்ததுதான். கண்ணால் பார்ப்பது வேறு.

அந்தச் சந்தோஷம் அழுத்துமிஷின் வரைக்கும்தான் நீடித்தது. அச்சிலிருந்து வெளியே எடுத்ததுமே புஷ்கள் விரல் பட்ட இடத்தில் பொலபொலவென்று உதிர்ந்தன. அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். பிசினைக் கலந்து பார்த்தாள். குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் போய் கல்லூரி ஆய்வகத்துச் சின்ன உலையில் வைத்து, தப்பித்த ஒன்றிரண்டை எண்ணெயில் ஊறவைத்து மில்லுக்குக் கொண்டுபோனாள். கிருபாசங்கர் மெசினில் பொருத்திச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். புஷ் இரண்டாகப் பிளந்து அவர் உள்ளங்கையில் கிடந்தது.

சுற்றி நின்ற பிட்டர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். கிருபாசங்கர் அந்தத் துண்டுகளைக் கீழே போடவில்லை. "சரியாகுமுங்க. சரியானதும் வாங்க, நான் இங்கதான இருப்பேன்" என்றார். அந்த மரியாதைதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது விஷயம் பிடிபட்டது. சாலை ஓரத்தில் ஜல்லி குவித்திருந்தார்கள். கோணல்மாணலான கல், ஒன்றையொன்று கவ்விக்கொண்டு செங்குத்தாக நின்றது. அதையே கூழாங்கல்லாகக் கொட்டியிருந்தால் சரிந்து பரவியிருக்கும். தன் தூளும் கூழாங்கல்தான். எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றையொன்று பிடிக்க அதற்குக் கொக்கி இல்லை. சபுராவும் தானும் எதைப் பார்த்துப் பூரித்தோமோ, அதுதான் குறை.

மறுநாள், இதோடு விட்டுவிடலாம் என்று, கல்லூரி ஆய்வகத்தில் தன் சாமான்களை ஒதுக்கிவைத்துவிட்டுக் கிளம்புவது என்று போனாள். சின்ன உலைக்குள் ஒரு பீங்கான் கலம் இருந்தது. உதிர்ந்துபோன தூளை வீணாக்க மனமில்லாமல், அழுத்தாமல் அப்படியே அள்ளிப்போட்டு, புஷ்களோடு சேர்த்துச் சூடேற்றியிருந்தாள். அதை மறந்தும் போயிருந்தாள். உள்ளே தூள் ஒரே வில்லையாக இறுகியிருந்தது. கவிழ்த்துத் தட்டினாள், கெட்டியாக வந்தது. கரியைக் கழுவக் குழாயடியில் பிடித்தாள்.

மேலே விழுந்த தண்ணீர், வில்லையின் மேல் நிற்கவில்லை. ஓரத்தில் வழியவும் இல்லை. உள்ளே போய், அடியில் சீராகச் சொட்டியது.

ராமாமணி குழாயை மூடினாள். திரும்பத் திறந்தாள். திரும்பவும் அதேதான். ஒரே அளவு உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் நடுவில் விழும் சந்துகளும் ஒரே அளவுதான். வடிகட்டி! புத்தகத்தில் இதைப் பற்றி இரண்டு வரி இருந்தது. பரீட்சைக்குப் படித்ததோடு விட்டிருந்தாள். இதற்கு அழுத்தவே வேண்டாம். அச்சில் கொட்டி, தட்டி, சூடேற்றினால் போதும். தூள் உருண்டையாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

அந்த வில்லையை ஈரத்தோடு சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு சூலூருக்கு ஓடினாள். திருமலைசாமி ஆபீஸ் அறையில் இருந்தான்.

"அண்ணா, இதுல வாய வெச்சு ஊது."

"இதென்ன, வெண்கலக் கட்டி?"

"ஊது சொல்றேன்."

ஊதினான். மறுபக்கம் வைத்திருந்த தன் உள்ளங்கையில் காற்று பட்டதும் திடுக்கிட்டு எடுத்துப் பார்த்தான். மறுபடியும் ஊதினான்.

"காத்துப் போகுதே! ஓட்டையே காணமே அம்மணி!"

வாழ்நாளெல்லாம் வார்ப்பில் ஓட்டை விழக்கூடாது என்றே பாடுபட்டவன் அவன். வெண்கலத்துக்குள் வேண்டுமென்றே ஓட்டை வைத்திருக்கிறாள் தங்கை என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. ரங்கம்மாவைக் கூப்பிட்டு அவளையும் ஊதச் சொன்னான். அவள் ஊதிப் பார்த்துவிட்டு, வில்லையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுக்கும் அந்தக் கோபுரத்துலதான் ஊத்தோணுமா?" என்றாள், ராமாமணியை நேராகப் பார்த்து. அத்தனை மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

"ஆமா வதினா. ஆனா இனிமே மேல தெறிக்காது. தண்ணி ஊத்திக் காட்டறேன், வாங்க."

காட்டினாள். முனை குட்டையாக இருந்தால் எப்படி, நீட்டினால் எப்படி என்று இரண்டையும் காட்டினாள். ரங்கம்மா குனிந்து கவனமாகப் பார்த்தாள். திருமலைசாமி அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

அடுத்த வார்ப்பன்று பொங்கியண்ணன் மூசையைப் பிடிக்கப் போனபோது, "ஏனுங், நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்று திருமலைசாமி முன்னால் வந்தான். முகத்தில் வேர்வை ஊற்றியது. ரங்கம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். ராமாமணி வாயுவைத் திறந்துவிட்டுத் தலையசைத்தாள். அவன் சாய்த்தான். வெளிச்ச நூல் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. மூசை காலியாகும்வரை அவன் கண்ணை எடுக்கவில்லை. கடைசித் துளி போனதும்தான் மூச்சை விட்டான்.

தூளைச் சலித்து, அளவுவாரியாகப் பிரித்து, சின்னச் சின்ன வில்லைகளாகச் செய்தாள் ராமாமணி. கிருபாசங்கரிடம் போனபோது, "புஷ் இல்லீங்க. ஆனா கறைக்கு வேற வழி கொண்டுவந்திருக்கேன்" என்றாள். மில்லில் நூல் முனைகளைக் காற்றடித்து முறுக்கிச் சேர்க்கிற மெசின் ஒன்று உண்டு. கம்ப்ரஸரிலிருந்து வருகிற காற்றில் துருவும் அழுக்கும் கலந்து வந்து நூலில் படியும். அதற்கான வடிகட்டி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வருகிறவரை மெசின் கறையோடு ஓடும். கிருபாசங்கர் யோசித்துவிட்டு ஒரே ஒரு மெசினைக் காட்டினார்.

ஒரு மாதம் கழித்து அண்ணனும் தங்கையும் போனார்கள். கிருபாசங்கர் குழாயைக் கழற்றி வில்லையை வெளியே எடுத்தார். காற்று வந்து மோதிய பக்கம் கன்னங்கரேல் என்றிருந்தது. மறுபக்கம் வைத்திருந்த வெள்ளைத் துணியை விரித்தார். வெள்ளையாகவே இருந்தது. பிட்டர்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"மீதி மெசினுக்கும் வேணுமுங்க. வில்லையா வேண்டாம், கப் மாதிரி செய்ய முடியுமுங்களா?"

"அச்சு நான் போட்டர்றேனுங்க" என்றான் திருமலைசாமி. மறுபடியும் தங்கைக்கு முந்திக்கொண்டான்.

"அதுசரி, இத எப்படிங்க கழுவறது?" என்றார் கிருபாசங்கர்.

அதை ராமாமணி யோசிக்கவே இல்லை. "சீமெண்ணெயில ஊறப் போட்டு, பின்பக்கமிருந்து காத்தடிச்சுப் பாக்கலாமுங்க" என்றாள், தோன்றியதை வைத்து.

சீமெண்ணெய் வந்தது. ஊறியது. திருமலைசாமி வில்லையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான். கிருபாசங்கர் காற்றுக்குழாயைத் திறந்தார். அடைந்திருந்த கருப்பெல்லாம் ஒரே பாய்ச்சலில் கிளம்பி, திருமலைசாமியின் புதுச் சட்டையில் மார்பு நிறைய அப்பியது.

வில்லை மட்டும் வெண்கல நிறத்தில் பளிச்சென்று இருந்தது. அவன் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"வேலை செய்யுது அம்மணி" என்றான். பிறகு குனிந்து சட்டையைப் பார்த்துவிட்டு, "உங்க வதினாகிட்ட நீயே சொல்லிரு" என்றான்.