கள்ளுக்கடை சின்னையா மகன்

“அக்கா, ஒங்க அப்பாவோட அப்பா என்னா வேல செஞ்சாரு?” என்று மார்கரெட் கேட்டபோது விக்னேஸ்வரி வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“கிராணி,” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. “தோட்டத்துல கிராணி. கிளார்க்குன்னு போடும்மா.”

சொன்னது ஆனந்தவல்லி அத்தை. அறுபது வருடமாக வாயிலேயே வைத்திருக்கும் பதில். யாராவது கேள்வியைப் பாதி கேட்டாலே போதும், வந்து விழுந்துவிடும்.

மார்கரெட்டின் பேனா கட்டத்தின்மேல் இறங்கியது.

“எழுதாதீங்க,” என்றாள் விக்னேஸ்வரி. “அது தப்பு.”

அன்று விடியற்காலை ஐந்தே காலுக்கு அவளுடைய அப்பா ராமநாதன் இறந்துபோயிருந்தார். ஆக்லாந்தின் பிளாட் புஷ்ஷில், இதே வீட்டில், அவருடைய சொந்தக் கட்டிலில். மகள் ஒரு கையையும் அவருடைய தங்கை ஆனந்தவல்லி ஒரு கையையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்தொன்பது வயது, கடைசி ஒரு மாதம்தான் படுக்கை. ஹாஸ்பிஸ் நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. பதினொரு மணிக்கு வண்டி வரும். அதற்கு முன் இறப்பைப் பதிவு செய்யும் படிவத்தை நிரப்பிக்கொண்டு போக இறுதிச்சடங்கு நிலையத்திலிருந்து மார்கரெட் வந்திருந்தாள். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து இங்கே பதினைந்து வருடமாக இந்த வேலை பார்க்கிறவள். தமிழ் தெரிந்த ஆளாக அனுப்பச் சொல்லி விக்னேஸ்வரிதான் கேட்டிருந்தாள். வெள்ளைக்காரி வந்திருந்தால் அத்தை இவ்வளவு பதறியிருக்கமாட்டார்.

அத்தை கையைச் சேலையில் துடைத்தபடி வெளியே வந்தார். “ஈஸ்வரி, ஒரு நிமிசம் உள்ள வா.”

“இங்கயே சொல்லுங்க அத்தை.”

“ஒங்கப்பா ஒடம்புல இன்னும் சூடுகூட முழுசா ஆறல. அதுக்குள்ள இது தேவையா லா?”

“இப்பத்தான் தேவை. அந்தப் பேப்பர் போயிருச்சுன்னா அப்புறம் மாத்த நான்தான் அலையணும்.”

மார்கரெட் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டாள். சாவு வீட்டுச் சண்டைகளை அவள் நிறையப் பார்த்தவள். எப்போது காது கேட்காதது மாதிரி இருக்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

விக்னேஸ்வரியின் அம்மா இறந்த பிறகு, ஆறு வருடமாக, ராமநாதன் வருடத்துக்கு ஒரு மாதம் மலேசியா போய்வந்தார். கோயில் பார்க்க என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டார். அவர் தேடிப் போனது தன் அப்பாவை. ஐந்து வயதில் படிப்பதற்காகத் தைப்பிங்கிலிருந்த மாமா வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். கள்ளு வாடை படக்கூடாது என்று பள்ளி விடுமுறைக்குக்கூட மாமா அவரைத் தோட்டத்துக்கு விடவில்லை. பெற்றவர்கள்தான் எப்போதாவது பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அப்பா சாகும்போது இவருக்குப் பதினேழு.

ஆறு வருடத்துக்கு முன் முதல்முறை போனபோது அப்பா இருந்த தோட்டத்தில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. தொழிலாளிகள் குடியிருந்த லயன் வீடுகளை இடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தின் பழைய ரிஜிஸ்டரைக் கரையான் தின்றிருந்தது. ஆனால் அவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். கோயில் எங்கே இருந்தது என்று மறந்துபோன கிழவர்கள்கூடக் கள்ளுக்கடை எங்கே இருந்தது என்பதை மறக்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் மூன்று பேர் எழுந்து மூன்று பக்கம் கை காட்டிச் சண்டை போடுவார்கள். அப்பா சின்னையாவுக்கு முன்னால் கடை பார்த்தவர் யார், பின்னால் வந்தவர் யார், சின்னையாவை எந்தத் தோட்டத்துக்கு மாற்றினார்கள் என்று ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு வழி கிடைத்தது. இப்படியே நான்கு தோட்டம், நான்கு கடை. போன இடத்திலெல்லாம், “நான் கள்ளுக்கடை சின்னையா மகன்,” என்றுதான் சொல்லிக்கொண்டாராம். திரும்பி வந்து இந்தச் சாப்பாட்டு மேசையில் படங்களைப் பரப்புவார். அத்தை எழுந்து வாசல் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார். ஆக்லாந்தில் அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தாலும் போவார்.

நான்காவது கடை இருந்த இடத்தில், போன வருடம், கண்மணி என்று ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறார். வயது எழுபத்தெட்டு. தேநீர்க் கோப்பையோடு வந்த அம்மா, சின்னையா பெயரைக் கேட்டதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாராம். “எங்கப்பா கடைசி மங்கு கள்ள ஒங்க வீட்டுக் கையாலதான் வாங்கிக் குடிச்சாரு. அன்னிக்கு விழுந்தவருதான், எந்திரிக்கல. எனக்குப் பதினோரு வயசு.” தோட்டத்தில் கள்ளை மங்கில், அதாவது இனாமல் கிண்ணத்தில், அளந்து தருவார்கள். ராமநாதன் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாராம். அந்த அம்மா தேநீரைக் கொடுத்தாராம்.

“நாளைக்கு எனக்கு எழுதுறப்ப கிராணின்னு எழுதிடாத, ஈஸ்வரி. அந்தம்மாகிட்ட நான் கேட்ட மன்னிப்பு பொய்யாப் போயிடும்,” என்று போன வாரம்தான் சொன்னார். சொல்லி முடிக்க அவருக்கு நாலு மூச்சு தேவைப்பட்டது.

“ஒங்கப்பாவுக்கென்ன, போய்ச் சேந்துட்டாரு,” என்றார் அத்தை. “நான் இருக்கேன்ல? எம் மகன் நவின் இந்த சர்டிபிகேட்டப் பாப்பான். அவன் பொண்டாட்டி பாப்பா. அவ சொந்தக்காரங்க பாதிப் பேரு இந்தா பக்கத்துல தகனினிலதான் இருக்காங்க. எங்க வீட்டுக்காரரு சாகுற வரைக்கும் என்னைக் கிராணி மகள்னு நெனச்சுத்தான் குடும்பம் நடத்துனாரு, தெரியும்ல? பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல ஒருத்தி ஒக்கார மாட்டா. கள்ளு நாத்தம்பாளுங்க. ஒனக்கு என்னா தெரியும்?”

விக்னேஸ்வரிக்குக் கோபம் கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியாது அத்தை. அப்பா கேட்டாரு. செய்றேன்னு சொல்லிட்டேன். செய்வேன்.”

மார்கரெட் கோப்பையைக் கீழே வைத்தாள். “ஆண்ட்டி, நான் ஒண்ணு சொல்லவா? பப்ளிகன்னு போட்டுடலாம். இங்க பழைய சர்டிபிகேட்டுல அடிக்கடி வரும். ஊருக்குள்ள பப் நடத்துனவரு. எங்க தாத்தா பப்ளிகன்னு வெள்ளக்காரங்க பெருமையாவே சொல்லிக்குவாங்க.”

அத்தையின் முகம் தெளிந்தது. “பப்ளிகன். கேக்கவும் நல்லாத்தான் இருக்கு.”

“பைபிள்ல மட்டும் வேற அர்த்தம். வரி வசூல் பண்ற ஆயக்காரன்னு வரும்.”

“அப்பிடின்னா கவர்மெண்ட் வேல!” என்றார் அத்தை.

விக்னேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து அழாமல் இருந்தவள். சிரிக்க ஆரம்பித்தவளுக்கு எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. மார்கரெட் டிஷ்யூப் பெட்டியை நகர்த்தினாள். விக்னேஸ்வரி மூக்கைச் சிந்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கண்மணியம்மாகிட்ட எங்கப்பா பப்ளிகன் மகன்னு சொல்லல. கள்ளுக்கடைக்காரருன்னே எழுதுங்க. இங்கிலீஷ்ல டோடி ஷாப் கீப்பர். டோடிக்கு நடுவுல ரெண்டு டி.”

மார்கரெட் அத்தையைப் பார்த்தாள். அத்தை சுவரைப் பார்த்தார். கையெழுத்துப் போடப்போகிறவள் மகள். மார்கரெட் எழுதினாள். சன்னல் வழியே எதிர்வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

தீர்ந்தது என்று விக்னேஸ்வரி நினைத்தாள். அத்தை இனி ஒரு மாதத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். பேசாவிட்டால் போகட்டும்.

“அடுத்து, அப்பாவோட அம்மா. பேரு அஞ்சலைன்னு குறிச்சு வச்சிருக்கீங்க. வேலைன்னு கேட்ட எடத்துல ஹவுஸ்வைஃப்னு போட்டுடட்டா?”

“போடுங்க.”

“போடாத,” என்றார் அத்தை.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அத்தை மேசைக்கு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“அப்பா பேர்லதான் கடை. அவருக்கு முட்டிவாதம், நிக்க முடியாது. பின்னால நாக்காலில ஒக்காந்திருப்பாரு. பத்து மணிக்குக் கடை தொறந்தா, சாத்துற வரைக்கும் கம்பி வலைக்கு அந்தாண்ட நின்னு ஊத்துனது எங்கம்மா. நாலு தோட்டத்துலயும் அவங்கதான். கண்மணி அப்பா பேரு வீரன். வெத்தல வாய், நல்லா பாடுவாரு. அவருக்குக் கடைசியா ஊத்துனதும் அம்மாதான். நான் பக்கத்துல நின்னு மங்கு கழுவிக்கிட்டு இருந்தேன்.”

மார்கரெட் பேனாவைக் காகிதத்திலிருந்து தூக்கினாள்.

“அப்பாவுக்கு இது தெரியாதா?” என்றாள் விக்னேஸ்வரி.

“தெரியாது. அண்ணனத்தான் சின்ன வயசுலயே தைப்பிங்குக்கு அனுப்பிட்டாங்கல்ல.”

ஆறு வருடம். ஆறு விமான டிக்கெட். முட்டி வலியோடு வெயிலில் நின்று எவர் எவரையோ கேட்ட கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த அத்தை அத்தனை நாளும் இதே வீட்டில் அடுத்த அறையில்தான் இருந்தார். விக்னேஸ்வரிக்கு அத்தையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை. அவரு ஒங்கள ஒரு தடவைகூடக் கேக்கலயா?”

“கேட்டுச்சு,” என்றார் அத்தை. “மொதத் தடவ போறதுக்கு முன்னாடி, அப்பாம்மாவப் பத்தி என்னைத்தான் கேட்டுச்சு. இந்த நாக்காலிலதான் ஒக்காந்திருந்துச்சு.” “கிராணின்னு சொன்னேன்.”

மார்கரெட் தலை குனிந்து படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விக்னேஸ்வரி மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினாள். அத்தை அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. நெற்றிமேல் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கி, படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, அம்மாவின் கட்டம் எது என்று விரலால் தேடினார்.

“எழுதும்மா. மேல எழுதுனியே, அதையேதான்.”

கட்டம் குறுகலாக இருந்தது. மார்கரெட் எழுத்துகளை நெருக்கி எழுதத் தொடங்கினாள்.

“சுருக்காத,” என்றார் அத்தை. “கோட்டுக்கு வெளிய போனாப் போவுது. முழுசா எழுது.”