ஆறு கட்டை

போன வருஷம் பத்து பாகாட் என்கிற ஊரில் நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் நான் லோரியில் வந்து சேர்ந்தேன். நூறு நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது விதி. நூறாவது நிமிடத்தில் நான் எட்டாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாலையில் வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்புகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே பின்னால் வந்த லோரிக்காரர் என்னையும் ஏறச் சொன்னார். கூம்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தேன். முடிவுக் கோட்டருகில் நின்றிருந்த செல்வா அதைப் படம் பிடித்துத் தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான்.

செல்வா எங்கள் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். என் வேலையில் குறை கண்டுபிடிக்கத்தான் அவனுக்குச் சம்பளம். திங்கட்கிழமை காலையிலிருந்து எனக்கு ‘லோரி அக்கா’ என்று பெயர். முப்பது பெண்களை வைத்து வேலை வாங்குகிற லைன் லீடர் நான். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்கூட வாய்தவறி அப்படிக் கூப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த ஓட்டத்தை என் சொந்தக் காலில் முடிக்காவிட்டால் என் பெயர் சாந்தினி இல்லை என்று சபதம் எடுத்தேன். அப்போதைக்கு யாரும் என்னைச் சாந்தினி என்று கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

சபதம் எடுப்பது சுலபம், நேரத்துக்கு எங்கே போவது? வீடு லாயாங் லாயாங்கில், வேலை செனாயில். விடிவதற்கு முன்பே தொழிற்சாலை பஸ் வந்துவிடும். திங்கள், புதன், வெள்ளியில் ஓவர்டைம் முடிந்து வீடு சேர எட்டு மணி. சனிக்கிழமை அரை நாள் என்பார்கள், அந்த அரை நாள் எங்கே முடியும் என்பது சூப்பர்வைசர் சதாசிவத்துக்குத்தான் வெளிச்சம். மிச்சம் இருப்பது செவ்வாய், வியாழன் சாயங்காலமும் ஞாயிறு காலையும்.

அந்த இரண்டு சாயங்காலங்களில் பஸ் என்னை ஐந்தே முக்காலுக்குச் சந்தியில் இறக்கிவிடும். ஏழேகாலுக்கு இருட்டிவிடும். வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்து உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்க மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதனால் தொழிற்சாலைக் கழிப்பறையிலேயே உடையும் காலணியும் மாற்றிக்கொண்டு பஸ் ஏறுவேன். சந்தியில் என் வீட்டுக்காரர் ஜெயபாலன் மோட்டார் சைக்கிளில் காத்திருப்பார். பை, சாப்பாட்டு டப்பா, கைப்பேசி மூன்றையும் அவரிடம் கொடுத்துவிட்டு அங்கிருந்தே ஓடத் தொடங்குவேன். கைப்பேசி கூட இருந்தால், மெஷின் நின்றுவிட்டது என்று இரண்டாவது ஷிப்ட்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு கைக்கடிகாரம் எனக்குப் போதும்.

ஓவர்டைம் நாட்களில் மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி இருபது நிமிடமும் மூன்று மாடிப் படிகளை ஏறி இறங்குவேன். லோரி மலையேறுகிறது என்றான் செல்வா. நான் ஏறிக்கொண்டே இருந்தேன்.

எங்கே ஓடுவது என்று சொன்னவர் ஜெயபாலன்தான். அவர் பிறந்து வளர்ந்ததே எங்கள் ஊரை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில். இப்போது வேலை பார்ப்பதும் அங்குள்ள எண்ணெய் ஆலையில்தான்.

“சந்தியிலேர்ந்து முனியாண்டி கோயில் வரைக்கும் மூணு கட்டை. போய்ட்டு வந்தா ஆறு. அந்த ரோட்டுல லோரியும் கம்மி, நாயும் கம்மி,” என்றார்.

நான் ஸ்கூடாய் டவுன்காரி. சாலையில் கார் பறந்தால் எங்கள் அப்பா, நூற்றிருபது கட்டையில் போகிறான் பார் என்பார். எனக்குக் கட்டை என்றால் கிலோமீட்டர். ஆறு கிலோமீட்டர் என்றால் தொடங்குவதற்குச் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் நாள் நூற்றுநான்கு நிமிடம் ஆனது. பாதிக்கு மேல் நடை. இருட்டிவிட்டதால் ஜெயபாலன் மோட்டார் விளக்கைப் போட்டுக்கொண்டு தேடி வந்தார். போன வருஷம் நூறு நிமிடத்தில் எட்டு கிலோமீட்டரைக் கடந்தவள், இப்போது ஆறைக் கடக்க அதற்கு மேல் எடுத்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. நூற்றுநான்கு என்று சமையலறை நாள்காட்டியில் எழுதி வைத்தேன். அதைத் தினமும் பார்த்தால் ரோஷம் வரும் என்று கணக்கு.

ரோஷம் வந்தது. மழை நாளில் செம்மண் சேறு கணுக்கால் வரை ஏற ஓடினேன். மாதவிலக்கு நாளிலும் ஓடினேன். நாள்காட்டியில் எண்கள் இறங்கின. தொண்ணூற்றைந்து, எண்பத்தெட்டு, எழுபத்தொன்பது. ஐந்தாவது மாதம் எழுபத்திரண்டில் வந்து நின்றது. அதற்குக் கீழே நகர மாட்டேன் என்றது. ஆறுக்கு எழுபத்திரண்டு என்றால் பத்துக்கு நூற்றிருபது. போன வருஷத்தை விடக் கொஞ்சூண்டுதான் முன்னேற்றம். லோரி வந்து என்னை அள்ளிய பிறகும் இருபது நிமிட ஓட்டம் பாக்கியிருக்கும்.

ஜெயபாலனோ ஒவ்வொரு முறையும் நாள்காட்டியைப் பார்த்து, “ஆறு கட்டைக்கு எழுபத்திரண்டு. பரவாயில்லையே,” என்பார். எனக்கு எரியும். நொண்டுகிற குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கும். ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வெடித்துவிட்டேன்.

“பொய்யாப் பாராட்டாதீங்க. நான் பத்து ஓடணும், ஞாபகம் இருக்கா?”

“அதான் வாரத்துக்கு மூணு தடவ ஓடிட்டுத்தானே இருக்க?” என்றார்.

ஏதோ ஓடிக்கொண்டாவது இருக்கிறாயே, அது போதாதா என்று சொல்வதாகத்தான் என் காதில் விழுந்தது. கையிலிருந்த துண்டை அவர் மேல் விட்டெறிந்தேன். இனிமேல் என் நாள்காட்டியைப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் அதன் பிறகு பார்க்கவில்லை, எதுவும் சொல்லவும் இல்லை. ஆனால் செவ்வாய், வியாழனில் நான் திரும்பி வரும்போது சோறும் குழம்பும் வழக்கம்போல அடுப்பில் இருந்தன.

கடைசி வாரம் சதாசிவம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆர்டர் தேங்கிக் கிடக்கிறது, வியாழக்கிழமையும் ஓவர்டைம் செய்ய வேண்டும் என்றார். சரி என்றிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். வேலை வந்துவிட்டது, அதனால்தான் ஓடவில்லை என்று ஊரிடம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லப்போனால், அந்த நிமிடம் எனக்கு ஆசையாகக்கூட இருந்தது.

“வியாழக்கிழமை எனக்கு வேலை இருக்கு, பாஸ்,” என்றேன்.

“என்ன வேலை?”

“ஓடணும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு ஆள் தேடப் போனார். அன்றைக்கும் எழுபத்திரண்டுதான். பரவாயில்லை. இந்த முறை லோரி பக்கத்தில் வந்து நின்றாலும் ஏறுவதில்லை, கூம்புகளையெல்லாம் எடுத்துவிட்டாலும் சாலை ஓரமாக நடந்தாவது கோட்டைத் தாண்டிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டேன். நேரம் கைக்கு எட்டாவிட்டால் போகட்டும், கால் என்னுடையதுதானே.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து பாகாட்டில் வெயில் ஏறுவதற்கு முன் விசில் ஊதினார்கள். தோட்டத்துச் சாலையில் ஓடுகிற அதே ஓட்டம்தான் ஓடினேன். முனியாண்டி கோயில் வரும் நேரம் என்று உடம்பு சொன்ன இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பலகை வந்தது. ஐந்து என்று போட்டிருந்தது. கடிகாரத்தில் முப்பத்தாறு நிமிடம். பலகையை யாரோ இடம் மாற்றி நட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். ஏழாவது பலகையில் ஐம்பது நிமிடம். கடிகாரம் நின்று நின்று ஓடுகிறதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன். எட்டாவது பலகை வந்தது. போன வருஷம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம். திரும்பிப் பார்த்தேன். லோரி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இல்லை. எனக்குப் பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

பயம் வந்துவிட்டது. எங்கேயோ ஒரு வளைவை விட்டுவிட்டுக் குறுக்கே வந்திருக்கிறேன். இல்லாவிட்டால் இது எப்படி நடக்கும்? இருந்தாலும் கால் நிற்கவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது எழுபத்தொரு நிமிடம்.

பதக்கத்தை நீட்டிய பையனிடம் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நேராக மேசைக்குப் போனேன். திருட்டுப் பதக்கம் எனக்கு வேண்டாம். அங்கே நீண்ட வரிசை. அரை மணி நேரம் கழித்து என் முறை வந்ததும், நான் ஒரு வளைவை விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று அங்கிருந்த மலாய்க்கார அம்மாவிடம் மலாயில் சொன்னேன். அவர் என் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தார். வழியில் மூன்று இடத்தில் என் எண் பதிவாகியிருக்கிறது, ஒன்றும் தவறவில்லை என்று சொல்லி, ஒரு பதக்கத்தை எடுத்து அவரே என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

நடைபாதை விளிம்பில் ஜெயபாலன் தண்ணீர் போத்தலோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்னங்க, எங்கயோ தப்பு நடந்திருக்கு. ஆறு கட்டைக்கே எனக்கு எழுபத்திரண்டு ஆகுது. பத்து கிலோமீட்டர் எப்படி எழுபத்தொண்ணுல முடியும்?”

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. “ஆறு கட்டையும் பத்து கிலோமீட்டரும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே?”

“கட்டைன்னா கிலோமீட்டர்தானே?”

“கட்டைன்னா மைல், சாந்தி. தோட்டத்துல அப்படித்தான் சொல்வாங்க. அந்தக் காலத்து மைல்கல்லு இன்னும் கோயிலுக்குப் பக்கத்துல நிக்குதே. மூணுன்னு போட்டிருக்கும், நீ பாக்கலியா?”

பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு மூன்று தடவை அதைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவேன்.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகிறது. அவர் கட்டை என்பார், நானும் கட்டை என்பேன், இருவரும் ஒன்றையே பேசுவதாக நினைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறோம். அடுத்து வந்தது கோபம். ஐந்து மாதம் நான் என்னையே திட்டிக்கொண்ட திட்டுக்கெல்லாம் யாரைப் பிடித்து உலுக்குவது? அதற்குள் லோரி கூம்புகளோடு வந்து நின்றது. செல்வா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தான். அப்புறம் திரும்பினான், பதக்கத்தோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான், கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போன ஓட்டத்திலிருந்தே நான் காத்திருந்த காட்சி. ஆனால் என் மனசு அதில் இல்லை.

“அப்ப அன்னிக்கு நீங்க பரவாயில்லையேன்னு சொன்னது?” என்று கேட்டேன்.

“நெசமாத்தான் சொன்னேன். நீதான் துண்ட எறிஞ்ச.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கால் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் பையில் தைலத்தைத் தேடினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

அவர் என் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“ஆறு கட்டைக்கு எழுபத்தொண்ணு,” என்றார். “பரவாயில்லையே.”