காபிக்குப் போட்ட கையெழுத்து

லம்ஜத் தன் ஆட்களுக்குத் தர வேண்டிய கூலி பதினோராயிரத்து எழுநூறு தினார். பிசெர்த்தா துறைமுகத்தில் ஒரு கிரேக்கக் கப்பலின் வெளிப்புறத்தைச் சுரண்டித் துரு எடுத்துப் பெயின்ட் அடித்த கூலி அது. கப்பல் கம்பெனி பில்லுக்குப் பணம் அனுப்ப மூன்று மாதம் ஆகும். தியாகத் திருநாளோ அடுத்த வாரம். குர்பானிக்கு ஆடு இல்லாமல் வீட்டுக்குள் நுழைய எவனுக்கும் முகமில்லை.

பில்லை வங்கியில் கொடுத்தால் கழிவு போக முன்பணம் தருவார்கள் என்று லம்ஜத் போனான். அதிகாரி தோர்சாஃப் காகிதங்களைப் புரட்டினாள்.

“வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பினா சுங்கத்துல சீல் வைப்பாங்க. நீங்க செஞ்சு கொடுத்தது வேலை. அதுக்குச் சாட்சி கேப்டன் கையெழுத்து ஒண்ணுதான். முடிஞ்ச வேலைக்குத்தான் பணம் தரலாம், அதுதான் சட்டம். இதுல வேலை ஆரம்பிச்ச தேதிதானே இருக்கு?”

“எங்க துறைமுகத்துல வழக்கமே அப்படித்தான் மதாம். முடியுற அன்னைக்குக் கேப்டன் கிளம்புற அவசரத்துல இருப்பார். அதான் முதல் நாள் காபி குடிக்கும்போதே வாங்கிடுவோம்.”

“அப்போ இது காபிக்குத்தான் சாட்சி.”

வாசலில் சின்ன லாரியோடு காத்திருந்தான் நுமான், லம்ஜத்திடம் வெகுநாளாக வேலை செய்பவன்.

“தேதியைக் கொஞ்சம் திருத்திடலாம் முதலாளி.”

“பேசாம இரு.”

“வட்டிக்கார சாதோக் பாதி விலைக்குப் பில்லை வாங்கிக்கிறானாம்.”

“வெளிநாட்டுப் பில்லை வங்கிக்கு வெளியே விக்கக் கூடாதாம். அந்தம்மா அதையும் சொல்லிட்டாங்க. வண்டியை ராதெஸ் துறைமுகத்துக்கு விடு. கப்பல் இப்போ அங்கதான் சரக்கு ஏத்துது.”

ராதெஸில் கேப்டன் லெஃப்தெரிஸ் புருவத்தைத் தூக்கினார். “மறுபடியும் கையெழுத்தா? அன்னைக்கே போட்டேனே.”

“அன்னைக்கு வாங்கினதுதான் தப்பு. வேலையைப் பார்த்துட்டு இன்னைக்குத் தேதி போட்டுக் கொடுங்க.”

“பார்க்கணுமா? சரி, வா.”

கப்பலை ஒட்டியே மூவரும் நடந்தார்கள். நங்கூரத்துக்குக் கீழே கேப்டன் நின்றார். ஒரு கதவளவு இடம் மேல்பூச்சு இல்லாமல் வெறும் அடிப்பூச்சோடு சிவப்பாகக் கிடந்தது. கையெழுத்து கையில் இருந்த தைரியத்தில் ஒருவரும் அந்த ஓரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. லம்ஜத் நுமான் பக்கம் திரும்பினான்.

நுமான் தரையைப் பார்த்தபடி சொன்னான்: “காத்து பலமா இருந்துச்சு முதலாளி. காலையில அடிக்கலாம்னு விட்டேன். காலையில கப்பலே இல்ல.”

“நாளைக்கு நான் கிளம்பணும்,” என்றார் கேப்டன். “பெயின்ட் மேலே கப்பல்ல இருக்கு, இப்பவே அடிச்சுடு.”

கயிற்றுப் பலகையை இறக்கினார்கள். லம்ஜத் பலகையில் தொங்கிப் பல வருஷமாயிற்று. ஆனாலும் நுமானுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அடித்தான். வெயில் சாய்வதற்குள் முடிந்தது. கேப்டன் மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கப்பல் முத்திரையும் குத்தினார்.

“காயுறதுக்குத் தனிக் கையெழுத்து கேட்டு வந்துடாதே.”

மறுநாள் வங்கியில் தோர்சாஃப் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். “பில்லுல அறுபது சதவீதம்தான் தர முடியும். மீதி, கம்பெனி பணம் இங்க வந்த பிறகு.”

கூலிக்கு அது போதும். லம்ஜத்தின் பங்குதான் காத்திருக்க வேண்டும்.

பட்டறை வாசலில் ஒவ்வொருவராக வாங்கிப் போனார்கள். கடைசியாக நுமான் ஒரு நோட்டைத் திருப்பி நீட்டினான்.

“விட்டுப்போன இடத்துக்குக் கழிச்சுக்கோங்க.”

“அதை அடிச்சு முடிச்சாச்சுல்ல? உள்ள வை. நேரமாக ஆக ஆட்டுக்காரன் விலையை ஏத்துவான், ஓடு.”

நுமான் நோட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தான். லம்ஜத் இனி ஒருவனுக்கும் கூலி பாக்கியில்லை.