ஒரு போனுக்கு மட்டும்

எழில்மொழி வீட்டுக்கு வைஃபை வந்த அன்றே அது அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லாமல் போய்விட்டது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அப்படித்தான். முதல் கலர் டிவி யார் வீட்டுக்கு வந்ததோ அந்த வீட்டுக் கூடம் பிளாக்குக்கே கூடம். முதல் போன் வந்த வீட்டு நம்பரைத்தான் மூன்று மாடிக்காரர்களும் தங்கள் சொந்தபந்தத்துக்கெல்லாம் கொடுத்து வைத்திருந்தார்கள். இரண்டாயிரத்து ஒன்பதில் வைஃபை வந்து, ஆள் மாற்றி ஆள் பாஸ்வேர்டு கேட்டு வாசலில் நின்றபோது எழில்மொழி தயங்கினாள். அவள் அம்மா சொக்கம்மாள் தயங்கவே இல்லை.

"காத்துல வர்றது தானேடி. அத்த குடுத்தா நமக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?"

ஆக, பர்மா பஜாரில் வைஃபை பிடிக்கிற பழைய போன் வாங்கி வைத்திருந்த அத்தனை பேருடைய போனிலும் எழில்மொழியே பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்தாள். அவளுக்கு அந்த இணைப்பு விளையாட்டு இல்லை. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்புகிற வேலை அவளுக்கு. தங்கை மதி காலேஜில் முதல் வருஷம் படிப்பது அந்த வேலையால்தான்.

அந்த மதிக்குத்தான் வந்தது வினை. நண்பர்களைத் தேடிப் பிடிக்கிற ஒரு தளத்தில் யாரோ அவள் பெயரில் ஒரு பக்கம் திறந்து, அவள் போட்டோவைப் போட்டு, அவள் போன் நம்பரையும் போட்டு, பக்கத்தில் வாயால் சொல்லக் கூசுகிற வரிகளை எழுதியிருந்தான். மதியின் போன் ஓயாமல் அடித்தது. எடுத்தால் முகம் தெரியாத எவனெவனோ கலீஜாகப் பேசினான். இரண்டாவது நாளே அவள் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு உள் அறையில் உட்கார்ந்துகொண்டாள்.

விஷயத்தை அப்பா கிருஷ்ணப்பனிடம் கொண்டுவந்தவன் மூன்றாம் மாடி செங்குட்டுவன். பேனர் அடிக்கும் கடையில் வேலை, சாந்தமான முகம், ஆளைப் பார்த்தால் குனிந்து வணக்கம் வைப்பான். ஹார்பரில் மூட்டை ஏற்றிவிட்டு வந்து அப்போதுதான் சட்டையைக் கழற்றியிருந்தார் கிருஷ்ணப்பன். அவர் கையில் போனைக் கொடுத்துக் காட்டினான்.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. பிளாக்கு பசங்க எல்லாம் பாத்துகினு கீறானுங்க. பொண்ணு போன்ல எல்லாத்தையும் அடைச்சிடுங்க. கொஞ்ச நாளு காலேஜும் வாணாம். எனக்கு ஒன்னும் இல்ல மாமா, யாரு இன்னா பேசுனாலும் மதிய நா கட்டிக்கிறேன்."

கிருஷ்ணப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் போனபிறகு தீர்ப்பு சொன்னார். திங்கட்கிழமை முதல் மதிக்குக் காலேஜ் கிடையாது. இந்த நெட்டையும் பிடுங்கி எறியவேண்டும். போலீசுக்குப் போகலாம் என்று எழில்மொழி சொன்னதற்கு, "ஸ்டேஷன் படி ஏறுனா பொண்ணு பேரு இன்னாத்துக்கு ஆவும்?" என்று எரிந்து விழுந்தார். பக்கத்தை எடுக்கச் சொல்லி அந்தத் தளத்துக்கு அவள் எழுதியதற்கோ பதில் இல்லை.

எழில்மொழிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. சேற்றை வாரி எறிந்தவன் சுகமாகத் திரிகிறான், அடிபட்டவள் போனை அடைக்க வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம்?

"நெட்டப் புடுங்குனா என் வேல போவும் நைனா. அடைக்கிறேன். ஆனா மதி போன இல்ல. பிளாக்குல கீற மத்த போனு எல்லாத்தையும் அடைக்கிறேன். திங்கக்கெழம வரைக்கும் டைம் குடு."

வைஃபை தருகிற பெட்டியான மோடத்துக்குள் கம்ப்யூட்டர் வழியாகப் போனால் அதற்கென்று ஒரு பக்கம் உண்டு. எந்தத் தளம் கூடாது, எந்தப் போனுக்குக் கூடாது என்று அங்கே சொல்லிவிட்டால் மோடம் அதன்படி நிறுத்திவிடும். ஒவ்வொரு போனுக்கும் அதற்கே உரிய எண் இருப்பதால் ஆளைப் பிரித்தும் நிறுத்தலாம். அன்று வியாழக்கிழமை. மதி பெயரில் பக்கம் இருந்த தளத்தை எல்லோர் போனுக்கும் மூடினாள். மூடுகிற வேகத்தில், பையன்கள் ஆசையாகப் பார்க்கிற மற்ற அசிங்கத் தளங்களுக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டாள். தன் கம்ப்யூட்டருக்கு மட்டும் எல்லாம் திறந்திருந்தது.

மறுநாள் வாசலில் கூட்டம். முதலில் வந்தவர் கீழ் வீட்டு இன்னாசி, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா.

"இன்னாம்மா எழிலு, நெட்டு சரியா வர்லியே."

"எந்தப் பக்கம் தொறக்கலண்ணே? பேரச் சொல்லு, இப்பவே தொறந்து வுடுறேன்."

இன்னாசி கூரையைப் பார்த்தார், படியைப் பார்த்தார், "அது இன்னாவோ, பொதுவா ஸ்லோவா கீது" என்று சொல்லிவிட்டு நழுவினார். அடுத்து வந்த இரண்டாம் மாடி அறிவும் தலையைச் சொறிந்துவிட்டுப் போனான். உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த சொக்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

எழில்மொழி சிரிக்கவில்லை. அவள் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். மதி பெயரில் இருந்த பக்கத்தில் அதுவரை தினமும் சாயங்காலம் ஒரு புது வரி வந்துகொண்டிருந்தது. மூடியபின் வெள்ளிக்கிழமை ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போனால் அடையாள அட்டை கேட்பார்கள், பெயர் எழுதச் சொல்வார்கள். செய்தவன் அங்கே போகமாட்டான். அப்படியென்றால்? வெளியாள் என்றால் அவள் மூடியதற்காக வரி நின்றிருக்காது. எழுதியவன் எங்கேயோ இல்லை. அவள் வீட்டு வைஃபையில் உட்கார்ந்துகொண்டு, அவள் தட்டிக் கொடுத்த பாஸ்வேர்டில்தான் அவள் தங்கையை நாறடித்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லா ஆண்களும் வீட்டில் இருந்தார்கள். எழில்மொழி அப்பாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். பிறகு சொக்கம்மாளிடம் குடத்தைக் கொடுத்து, கீழே குழாயடியில் சொல்லவேண்டியதைச் சொல்லி அனுப்பினாள். சொக்கம்மாள் தொண்டைக்கு மைக் தேவையில்லை.

"எவன் இன்னா எழுதுனா எனக்கு இன்னா? நாளிக்கு எம்பொண்ணு மதி காலேஜி போவத்தான் போறா! பச்ச சுடிதாரு எடுத்து வச்சிட்டேன்!"

மூன்று மாடிக்கும் கேட்டது. எழில்மொழி மோடத்தின் பக்கத்தைத் திறந்தாள்.

"இப்ப பாரு நைனா. ஒவ்வொரு போனா தொறக்கப் போறேன். ஒன்னத் தொறந்தா மத்தது எல்லாம் மூடிகினு இருக்கும். நீ அந்தப் பக்கத்தையே பாத்துகினு இரு."

முதலில் இன்னாசியின் போன். கிருஷ்ணப்பன் கண் கொட்டாமல் பார்த்தார். டீ குடித்து முடித்தும் பக்கம் அப்படியே இருந்தது. அதை மூடிவிட்டு அறிவின் போனைத் திறந்தாள். கிரிக்கெட் வர்ணனை மாடியிலிருந்து கேட்டதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. அதன்பின் இன்னும் இரண்டு பேர். ஒன்றுமில்லை. கிருஷ்ணப்பன் பொறுமையிழந்து எழுந்தார்.

"அவ்ளோதானே? எவனோ வெளியாளு."

"இன்னும் ஒரு போன் பாக்கி கீது. செங்குட்டுவன்து."

"ஏய், அவன்தான்டி நமக்கு வந்து சொன்னதே!"

"அப்ப பயம் இன்னா நைனா? உக்காரு."

அவர் மனமில்லாமல் உட்கார்ந்தார். எழில்மொழி திறந்தாள். ஒருவேளை தான் நினைத்தது தப்பாக இருந்தால் நாளை மதி வீட்டோடு முடிந்துவிடுவாள் என்ற பயம் அவளுக்கு. உள் அறை வாசலில் மதி வந்து நின்றிருந்தாள்.

எழில்மொழி பக்கத்தை மறுபடி மறுபடி புதுப்பித்தாள். கொஞ்ச நேரத்தில் புது வரி வந்து விழுந்தது. கிருஷ்ணப்பன் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். நாளைக்குக் காலேஜுக்கு வருகிறாளாம், பச்சை சுடிதாராம், பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. படித்து முடித்தபோது அவர் குரல் அவருடையதாக இல்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். செங்குட்டுவன் மூச்சிரைக்க வந்து நின்றான், போனை நீட்டியபடி.

"மாமா, பாத்தீங்களா? அந்த நாயி இன்னும் வுடல மாமா. இப்பதான் பாத்தேன். நா அன்னிக்கே சொன்னேன், காலேஜி வாணாம்னு."

கிருஷ்ணப்பன் போனை வாங்கிப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"மூணு நாளா இந்த பிளாக்குல எவன் போன்லயும் இது தொறக்கல. இப்பவும் ஒரே ஒரு போன்லதான் தொறந்து கீது. என் பொண்ணு தொறந்து வுட்டா. தொறந்ததும் வரி வந்துது." போனை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினார். "அது உன் போனு."

செங்குட்டுவன் ஒரு படி பின்வாங்கினான். சாந்தமான முகம் வெளிறிப் போயிருந்தது.

கிருஷ்ணப்பன் கை ஓங்கினார். எழில்மொழி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிச்சா மறந்துடுவான் நைனா. மொதல்ல அவன் கையாலயே அழிக்கட்டும். வரிய இல்ல, பக்கத்தையே."

அதற்குள் இன்னாசியும் அறிவும் வாசலில் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் நின்று, செங்குட்டுவன் ஒவ்வொன்றாக அழுத்தினான். எழில்மொழி தன் கம்ப்யூட்டரில் பார்த்தாள். அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. அவள் மோடத்தில் அவன் போனை முழுசாக நிறுத்தினாள். "இனிமே இந்த வூட்டு காத்து உனக்குக் கெடையாது" என்றாள் சொக்கம்மாள், குடத்தை இறக்கிவைத்தபடி.

எல்லோரும் போனபிறகு கிருஷ்ணப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவமானம் அவரைத் தின்றது. கடைசியில் வாயைத் திறந்தார்.

"மதி, காலையில எந்த பஸ்ஸும்மா? நா கூட வரேன்."

மதி அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அவன் சொன்ன ஒடனே நம்பிட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நைனா?"

கேட்டுவிட்டு, அணைத்து வைத்திருந்த போனை ஆன் செய்தாள்.

"வா. ஆனா எனக்கு காவலுக்கு வராத. பஸ் ஸ்டாண்டுல அத்தினி பேரு முன்னாடியும், இவ எம்பொண்ணு, காலேஜி போறான்னு சொல்லிகினு வா. அப்டி வர்றதுன்னா வா."

கிருஷ்ணப்பன் தலையாட்டினார். பிறகு எழுந்து போய், கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து, இஸ்திரி போடச் சொல்லிச் சொக்கம்மாளிடம் கொடுத்தார்.