பால் ஊற்றிய பிறகு

தாண்டவராயனுக்கு ஊரே வந்து பால் ஊற்றிவிட்டுப் போயிருந்தது. ஆள்தான் போகவில்லை.

நான் படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டுக்கே போய்க் கவனிக்கும் நர்ஸ். கடலூரை ஒட்டிய அந்த மீனவக் கிராமத்துக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் ஸ்கூட்டியில் போவேன். தாண்டவராயனுக்கு நுரையீரலில் புற்று. பெண்டாட்டி இல்லை, பிள்ளையும் இல்லை. போன மாதம் மூச்சு இழுத்துக் கண் செருகியதும், இனி தாங்காது என்று சொந்தபந்தமெல்லாம் வரிசையில் நின்று வாயில் ஆளுக்கொரு சொட்டுப் பால் விட்டார்கள். முதல் சொட்டு எதிர்வீட்டில் இருக்கும் தங்கை மலர்க்கொடியுடையது. மறுநாள் காலையில் மனுஷன் கண் விழித்து டீ கேட்டார். அவர் செய்த தப்பு அதுதான்.

அதோடு யாரும் உள்ளே வரவில்லை. வழியனுப்பியவர்கள் மறுபடி முகத்தைக் காட்டினால் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடக்கும் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். மலர்க்கொடி கஞ்சியை வாசற்படியில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுவாள். இவர் சுவரைப் பிடித்து மெல்ல நடந்து வந்து எடுத்துக்கொள்வார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் அவளை மடக்கினேன்.

"உள்ள வந்து அண்ணங்கிட்ட ரெண்டு வார்த்த பேசுனா என்னா?"

"எங்கண்ணன் இழுத்துக்கிட்டுக் கெடக்காம போவணும் சிஸ்டர். என் மூஞ்சியப் பாத்தா பாசத்துல உசுரு போவாம நின்னுடும்."

அவள் கண் கலங்கியது. அதற்குமேல் திட்ட மனம் வரவில்லை.

வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் தாண்டவராயன் பதில் சொல்லமாட்டார். "மலரு வருமாம்மா?" என்பார். "வரும்" என்று பொய் சொல்வேன். திரும்பும் வழியெல்லாம் என்மேலேயே கோபமாக வரும்.

ஒரு வியாழக்கிழமை சிதம்பரத்தில் பயிற்சி வகுப்பு முடிந்து வரும்போது, மாத்திரை தீர்ந்திருக்குமே என்று அவர் வீட்டில் வண்டியை நிறுத்தினேன். செவ்வாய் தவிர வேறு நாளில் என் வண்டி அங்கே நின்றதில்லை. அது எனக்கு உறைக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவருக்கு உடம்பு துடைத்துவிட்டேன்.

தெருவே அழுதுகொண்டு வரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். முன்னால் மலர்க்கொடி, தலைமுடி அவிழ்ந்து, மாரில் அடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கண்ணே, என்ன உட்டுட்டுப் போயிட்டியே!"

தாண்டவராயன் தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேரைப் பார்த்ததில் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. வாசலில் அழுகை பட்டென்று நின்றது. பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மலர்க்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பினாள்.

"மலரு," என்றார். "வந்தது வந்துட்ட. செத்த நேரம் ஒக்காந்து அழுதுட்டுப் போயேன்."

அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணனுக்கு முதுகைக் காட்டி வாசற்படியிலேயே உட்கார்ந்து, தெருவைப் பார்த்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள்.

உள்ளே தாண்டவராயன் ஒவ்வொரு வரிக்கும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார்.